முடியாது என்று சொல்ல முடியாதவர்

ஆங்கிலம் கற்றுக்கொடுக்க முன்வருகிறவர்கள் எல்லாரும் 'ஐ கேன்' என்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களில் கோட்டு அணிந்த ஓர் இளைஞர் கையை உயர்த்தி அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அப்போது சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக் கரும்புக்கு நடுவே உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக ஓர் ஆங்கில வகுப்பு நடத்துவதென்று முடிவு செய்தபோது, எதிலிருந்து தொடங்குவது என்று மூன்று நாட்கள் யோசித்தேன். கூலி வேலைக்குப் போகிறவருக்கு 'என்னால் முடியும்' என்ற வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும்? அவர் தலையில் இன்னொரு வேலை ஏறும். மாறாக, 'என்னால் முடியாது' என்று தெளிவாகவும் மரியாதையாகவும் சொல்லக் கற்றுக்கொடுத்தால், அவர் தன் எல்லையைத் தானே வரைந்துகொள்வார். ஆகவே என் வகுப்பு 'ஐ கேன்னாட்' என்பதில் தொடங்கியது. இந்த முடிவின் விளைவுகள் அனைத்தையும் எடைபோட்டுவிட்டதாகவே அன்று நம்பினேன்.

வகுப்பு நடந்தது ஓர் உரக்கடையின் மாடியில். ஞாயிறன்று கடை மூடியிருக்கும். பூச்சிமருந்து வாசனை மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளாது. முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். கரும்பலகையில் மூன்று பத்திகள் போட்டேன். இன்று முடியாதவற்றுக்குக் 'கேன்னாட்'. நேற்று முடியாமல் போனவற்றுக்குக் 'குட் நாட்'. நாளைக்கு முடியாது என்று இப்போதே தெரிந்தவற்றுக்கு 'வில் நாட் பி ஏபிள் டு'. மனிதருடைய இயலாமை முழுவதையும் இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம் என்று அறிவித்தேன். தம்மால் முடியாத ஐந்து காரியங்களை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

அடுத்த ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்கள். வராத நால்வரில் ஒருவர், தன்னால் ஆகாததை ஊரார் முன்னால் எழுந்து நின்று படிப்பது என்ன படிப்பு என்று என் அப்பாவிடமே கேட்டாராம். வந்தவர்களின் பட்டியல்களும் என் நோக்கத்துக்கு உதவவில்லை. டிராக்டர் வைத்திருந்த ஒருவர் தன்னால் விமானம் ஓட்ட முடியாது, கப்பல் ஓட்ட முடியாது, ரயில் ஓட்ட முடியாது என்று வரிசையாகப் படித்தார். மற்ற எல்லாவற்றையும் ஓட்டுவேன் என்பதைச் சபைக்குத் தெரிவிப்பதே அதன் உட்பொருள். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் நின்ற ஒரு பெண் ஐந்துக்குப் பதிலாக ஒரே வாக்கியம் கொண்டுவந்திருந்தாள். 'ஐ கேன்னாட் கம் நெக்ஸ்ட் சண்டே.' சொன்னபடியே அடுத்த வாரம் வரவில்லை. என் வகுப்பில் மிகச் சரியாகப் பயன்பட்ட வாக்கியம் இன்றுவரை அதுதான்.

அவள் ஆங்கிலம் படிக்க வந்ததற்குக் காரணம் இருந்தது. செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையோடு அவளுக்கு நெடுநாள் தகராறு. தமிழில் திட்டினால் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள், ஆங்கிலத்தில் திட்டினால்தான் மேலதிகாரியிடம் கொடுப்பார்கள் என்பது அவளுடைய கணிப்பு.

ஏழு பேரில் வெறும் நோட்டோடு வந்தவர் ஒருவர்தான். அவர் கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் இடையே வேன் ஓட்டுகிறவர். முப்பத்தொன்பது வயது. வேன் வேறொருவருடையது, ஓட்டம் மட்டும் இவருடையது. முடியாதது எதுவும் தோன்றவில்லையா என்று கேட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். இது ஆணவமாக இருக்குமோ என்று முதலில் சந்தேகித்தேன். பிறகுதான் அது தொழில் என்று புரிந்தது.

கல்வராயன் மலையில் ஒரு வழக்கம் உண்டு. சாலையோரம் நின்று ஒருவர் கை காட்டினால் வண்டி நிற்க வேண்டும். நின்ற வண்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். பேருந்து எப்போதோ ஒன்று வரும். அதை விட்டவர் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே வேன் ஓட்டுகிறவரின் வாயில் 'இடமில்லை' என்ற சொல் வருவதில்லை. 'நவுருங்க' என்ற சொல்தான் வரும். பன்னிரண்டு பேருக்கான வண்டியில் இருபத்திரண்டு பேர், நான்கு மூட்டை கடுக்காய், இரண்டு சேவல், மேலே ஒரு மிதிவண்டி. கொண்டை ஊசி வளைவுகளில் கதவு திறந்தேதான் இருக்கும். மூட முயன்றால் யாருடைய கையாவது காலாவது வெளியே இருக்கும்.

ஒன்றாவது எழுதுங்கள் என்று வற்புறுத்தியதில் அவர் நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார்: 'மை ஒய்ஃப் கேன்னாட் ஸ்டாப் டாக்கிங்.' பிழையில்லாத வாக்கியம். எல்லார் முன்னிலையிலும் பாராட்டினேன். பாராட்டியதன் விளைவை நான் எடைபோடவில்லை. அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், பொருளும் சொல்லி, பெருமையாகப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் அவர் மனைவி வந்தார். கரும்புக் காட்டில் கூலி வேலை செய்கிறவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு முழுவதையும் ஒரு சொல் பேசாமல் கேட்டார். கணவர் எழுதியது பொய் என்பதற்கு அதுவே சாட்சி என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது எழுந்தார்.

"அவரு எழுதினதுல தப்பில்லைங்க டீச்சர். நான் பேசிக்கினுதான் இருப்பேன். ஆனா அவரோட லிஸ்ட்டு காலியா கெடக்குதாமே, அத்த நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒண்ணே ஒண்ணுதான். இவரால முடியாதுன்னு சொல்ல முடியாது. இதுக்கு இங்லீஷ்ல இன்னா?"

'ஹீ கேன்னாட் சே கேன்னாட்' என்று பலகையில் எழுதினேன். அவர் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்து, கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த கதையைச் சொன்னார்.

உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் புதிதாக ஒரு தொழிற்சாலை வந்திருந்தது. அங்கே வெளிநாட்டுப் பொறியாளர்களை அழைத்துப் போக ஓட்டுநர்கள் தேவைப்பட்டார்கள். மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, தங்க வீடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவு சாத்திய வண்டி. கணவர் மலையேறும் ஒவ்வொரு நாளும் அடிவாரத்தில் கரும்புக்கு நடுவே நின்றுகொண்டு, எந்த வளைவில் இருக்கிறாரோ என்று மனக்கணக்குப் போடுவதே தன் முழுநேர வேலையாகிவிட்டது என்றார் மனைவி. போன ஆண்டு ஆள் எடுத்தபோது கணவர் போனார். நீந்தத் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றார். இந்தி தெரியுமா என்றார்கள்; தெரியும் என்றார். நீளமான டிரெய்லர் லாரி ஓட்டுவீர்களா என்றார்கள், அதற்கும் சரியென்றார். நீச்சலையும் இந்தியையும் சோதித்துப் பார்க்க அங்கே வசதியில்லை. டிரெய்லர் இருந்தது. சாவியைக் கொடுத்தார்கள். திருப்பும்போது தேர்வு நடந்த திடலின் சுற்றுச்சுவர் ஒரு மூலையில் முடிவுக்கு வந்தது.

இப்போது மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. அவருக்கு இது கடைசி முறை.

அன்றுமுதல் என் வகுப்பின் நோக்கம் சுருங்கியது. ஒரு மனிதரை, ஒரு முறையாவது, முடியாது என்று சொல்ல வைப்பது. ஜவுளிக்கடைப் பெண்ணைப் பயணியாக நிறுத்தி, நாற்காலிகளை வேனாக வைத்து ஒத்திகை நடத்தினேன். அவள் கை காட்டினாள். "அண்ணே, வெள்ளிமல போவுமா?" அவர் நெஞ்சை நிமிர்த்தி, "சாரி சிஸ்டர், ஐ கேன்னாட்" என்று தொடங்கினார். அவள் முகத்தைச் சற்றுத் தொங்கப்போட்டதுதான் தாமதம். அவர் திரும்பிக் காலி நாற்காலிகளிடம், "பின்னாடி கொஞ்சம் நவுருங்கம்மா" என்றார்.

"எங்க கடையில கூட இல்லன்னு சொல்ல வுடமாட்டாங்க" என்றாள் அவள் ஆறுதலாக. "இத்தன புடவ இருக்குதே, ஒண்ணு கூட புடிக்கலையான்னுதான் கேக்கணும்." அவள் அவருக்கு உதவுகிறாளா கெடுக்கிறாளா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

நாளுக்கு ஒருவரையாவது ஏற்றாமல் வரவேண்டும் என்று பணித்தேன். ஒரு வாரம் கழித்து, நடக்கிறதா என்று பார்க்க நானே வேனில் ஏறினேன். அவர் என் கட்டளையை மீறவில்லை. கை காட்டிய ஒவ்வொருவரிடமும் வண்டியை நிறுத்தி, இன்று ஏற்ற முடியாத நிலையை, டீச்சரின் உத்தரவை, அதன் பின்னால் உள்ள நல்ல எண்ணத்தை ஐந்து நிமிடம் விளக்கினார். அவர்கள் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார்கள். வெள்ளிமலை சேர முக்கால் மணி நேரம் அதிகமாயிற்று. நடுவழியில், இது சட்டப்படியும் தவறு, ஆபத்தும் கூட என்று மடியில் யாருடையதோ சாமை மூட்டையோடு அவரிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வாஸ்தவந்தாங்க டீச்சர். நீங்க எறங்கினா ஒரு ஆளு கம்மி ஆவும். எறங்கறீங்களா?"

இருபுறமும் காடு. அடுத்த பேருந்து பிற்பகலில். சாமை மூட்டையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தேர்வு நாளன்று மனைவிக்குக் கரும்பு வெட்டு. வெட்டுக் குழுவில் ஓர் ஆள் குறைந்தால் மற்றவர்கள் தலையில் விழும் என்பதால் அவரால் வர இயலவில்லை. எங்கள் இருவரையும், அதாவது என்னையும் ஜவுளிக்கடைப் பெண்ணையும், அனுப்பிவைத்தார். கணவர் தலையாட்டத் தொடங்கினால் நான் முறைக்க வேண்டும். நான் முறைத்தும் பயனில்லை என்றால் அவள் இருமவேண்டும். அவள் அன்றைக்குக் கடைக்கு விடுப்புச் சொன்ன விதம் சுருக்கமானது. "வரமுடியாதுன்னேன். அவ்ளோதான். இதுக்கு இன்னாத்துக்கு ஒரு கிளாஸு?"

தேர்வு, நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றின் திடலில் நடந்தது. தேர்வாளர் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மனிதர். கையில் அட்டை, அட்டையில் படிவம், படிவத்தில் கட்டங்கள். சிரிக்காதவர். கேள்விகளை ஆங்கிலத்திலேயே கேட்டார். டிரெய்லர் ஓட்ட முடியுமா என்பது முதல் கேள்வி. எங்கள் ஓட்டுநர் என்னைப் பார்த்தார், என் முகத்தில் இருந்ததைப் படித்தார், கண்களை மூடிக்கொண்டு, "நோ சார். ஐ கேன்னாட்" என்றார்.

வானம் இடிந்து விழவில்லை. தேர்வாளர் கோபிக்கவும் இல்லை. ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். எங்கள் ஓட்டுநரின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஓர் ஒளி வந்தது. இந்தி? ஐ கேன்னாட் சார். நீச்சல்? ஐ கேன்னாட் சார். முப்பத்தொன்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அவர் ஒரே மூச்சில் இறக்கத் தொடங்கிவிட்டார். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்க முடியுமா? ஐ கேன்னாட் சார். டயர் மாற்ற முடியுமா? ஐ கேன்னாட் சார்.

ஜவுளிக்கடைப் பெண் இருமினாள். மண்டபத்துக் காவலாளி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவரும் அளவுக்கு இருமினாள்.

"டயர் கேன் சார்" என்றார் ஓட்டுநர். "மேப்பும் கேன் சார்."

தேர்வாளர் இரண்டு கட்டங்களில் அடித்துத் திருத்தினார். அடுத்தது ஓட்டுத் தேர்வு. வண்டியில் பயணிகள் இருந்தால்தான் ஓட்டுநரின் நடத்தை தெரியும் என்றும், நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து வெளிநாட்டுப் பொறியாளர்களாக நடிக்க வேண்டும் என்றும் சொன்னார். எந்த நாடு என்று ஜவுளிக்கடைப் பெண் கேட்டாள். தேர்வாளர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்து, ஜெர்மனி என்றார். அவள் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஜெர்மன்காரி ஏறுகிற விதத்தில் ஏறினாள்.

குளிர்சாதன வண்டி. கதவுகள் மெத்தென்று மூடிக்கொண்டன. சேலம் சாலையில் எலவனாசூர்கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். ஓட்டுநர் அருமையாக ஓட்டினார். இத்தனை ஆண்டுகள் இருபத்திரண்டு பேரோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவருக்கு, நால்வர் மட்டும் அமர்ந்த வண்டி நெடுஞ்சாலையில் தண்ணீரில் விட்ட இலையாகப் போயிற்று. தேர்வாளர் கட்டங்களில் தொடர்ந்து குறித்துக்கொண்டே வந்தார். குறித்த வேகத்திலிருந்து எல்லாம் நல்ல குறிகள் என்று தெரிந்தது. ஜெர்மன் பொறியாளர் என்ற முறையில் ஜவுளிக்கடைப் பெண் டீ குடிக்க நிறுத்தச் சொன்னாள். "ஐ கேன்னாட் மேடம், ரூல்ஸ்" என்றார் ஓட்டுநர். தேர்வாளர் தலையை மெல்ல ஆட்டி இன்னொரு கட்டத்தை நிரப்பினார். வேலை கிடைத்துவிட்டது என்று நான் மனத்துக்குள் முடிவுகட்டினேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கூட அமைத்துக்கொண்டேன்.

அப்போது சாலையோரத்தில் ஒரு பெண்மணி கை காட்டினார்.

தலையில் கத்தரி நாற்றுக் கூடை. இடுப்பில் ஒரு பை. அவர் கை காட்டியது பின்னால் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸுக்கு என்று இன்று நினைக்கிறேன். ஆனால் வண்டி நின்றுவிட்டது. நிறுத்தியது ஓட்டுநரின் மூளை அல்ல, கால். அவரே இறங்கி, கதவைத் திறந்து, கூடையை வாங்கிப் பின்னால் வைத்து, எங்களிடம் "நவுருங்க" என்று சொல்லி, அந்த அம்மாவை ஏற்றி, மறுபடி வந்து உட்கார்ந்து, கியரைப் போட்டு, இருநூறடி போன பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. அவர் பிடரி வியர்த்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

வண்டிக்குள் யாரும் பேசவில்லை, புதிதாக ஏறியவரைத் தவிர.

"இன்னா இப்பிடி குளுருது" என்றார் அவர். பிறகு ஜவுளிக்கடைப் பெண்ணிடம், "நீ எந்த ஊரும்மா?"

அவளுக்குத் தேர்வு முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "ஜெர்மனி" என்றாள்.

"அது எங்க, தியாகதுருகம் தாண்டியா?"

"ஆமா. கொஞ்சம் உள்ள போவணும்."

தேர்வாளர் பேனாவை மூடினார். இந்த அம்மாவை இறக்கிவிடுங்கள் என்று ஓட்டுநரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் கண்ணாடியில் தெரியும்படி முறைத்தேன். இறக்கிவிடுங்கள், பிழையைத் திருத்திக்கொள்ள அது ஒன்றே வழி. அதே நேரம், நாற்றுக் கூடையோடு நெடுஞ்சாலையின் நடுவெயிலில் ஓர் அம்மாவை இறக்கிவிடும்படி கண்ணால் கட்டளையிடுகிறவள் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள் என்பதும் எனக்கு உறைத்தது. முறைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஓட்டுநர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஐ கேன்னாட் சார்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் சொன்ன அத்தனை கேன்னாட்டுகளிலும் அதுதான் நிதானமாக வந்தது. தேர்வாளர் தமிழுக்கு மாறினார்.

"ஏன் முடியாது?"

"ஏத்தினவன் எப்பிடிங்க சார் எறக்கி வுடறது? ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா..."

"சொல்லியிருந்தா ஏத்தியிருக்க மாட்டீங்களா?"

ஓட்டுநர் நேர்மையாக யோசித்தார். "அப்பவும் ஏத்தியிருப்பேங்க" என்றார்.

எலவனாசூர்கோட்டையில் அந்த அம்மா இறங்கினார். ஜெர்மனிக்காரியிடம், உங்கள் ஊரில் கத்தரி என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூடையோடு போனார். வண்டி திரும்பியது. பிறகு தேர்வாளர், வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கண்டவருக்கெல்லாம் நிறுத்தினால் கம்பெனிக்குப் பொறுப்பு வரும், இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது என்றார். அதில் கோபமில்லை, அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. ஓட்டுநர் "ஆமாங்க சார்" என்றார். அதைச் சொல்வது அவருக்கு எப்போதும் சுலபம்.

படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்த தேர்வாளர் இன்னொரு தாளை எடுத்தார். தொழிலாளர்களை ஊர் ஊராகப் போய் ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துக்கும் ஓட்டுநர் வேண்டும் என்றார். அதில் நிறுத்துவதுதான் வேலை. சம்பளம் சற்றுக் குறைவு, வீடு உண்டு. ஆனால் ஒரு கேள்வி.

"நாப்பது சீட்டு. நாப்பது பேர் ஏறியாச்சு. அடுத்த ஸ்டாப்புல ஒரு பொண்ணு நிக்கிறா, கை காட்டறா. லேட்டா போனா அவளுக்கு அரைநாள் சம்பளம் போயிடும். ஏத்துவீங்களா?"

வேகம் குறைந்தது. வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. அவர் எஞ்சினையும் அணைத்துவிட்டார். ஓட்டிக்கொண்டே பதில் சொல்கிற கேள்வி அல்ல அது என்று நினைத்தார் போலும். லாரிகள் எங்களைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் வண்டி லேசாக ஆடியது. மனைவி இந்நேரம் கரும்புக் காட்டில் அரிவாளோடு நிற்பார் என்று நினைத்தேன். நான் முறைக்கவில்லை. ஜவுளிக்கடைப் பெண்ணும் இருமவில்லை. இதை வேறு யாரும் அவருக்காகச் சொல்ல இயலாது.

"ஐ கேன்னாட் டேக், சார்" என்றார் கடைசியில். பிறகு தமிழில், "ஆனா நிறுத்துவேங்க. நிறுத்தாம போவமாட்டேன். எறங்கி, இடமில்லம்மான்னு நானே சொல்லுவேன். பின்னாடி வர்ற பஸ்காரனுக்குப் போன் போட்டு, இன்ன எடத்துல ஒரு பொண்ணு நிக்குதுன்னு சொல்லிட்டுத்தான் வண்டிய எடுப்பேன்."

தேர்வாளர் அதற்கேற்ற கட்டம் படிவத்தில் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. ஓரத்து வெற்றிடத்தில், தாளைத் திருப்பித் திருப்பி, நீளமாக ஏதோ எழுதினார். பத்து நாளில் உத்தரவு வந்தது. மனைவி அதை என்னிடம் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நடுவில் ஒரு முறைகூடப் பேசவில்லை.

இதை மகிழ்ச்சியான முடிவு என்று ஏற்றுக்கொள்ள என் சுபாவம் இடம்கொடுக்கவில்லை. மலைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து, யாரையும் விட்டுவிட்டுப் போகாத ஓட்டுநரை எடுத்துக்கொண்டுவிட்டோம். இனி ஓட்டப்போகிறவர் உரிமையாளரின் மைத்துனர். கறாரானவர் என்று கேள்வி. பன்னிரண்டு பேர்தான் ஏற்றுவாராம். இருபத்திரண்டு பேரில் பத்துப் பேர் பாதுகாப்பாகச் சாலையோரத்தில் நிற்பார்கள். இது சரியா என்று எனக்குள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, அவர் வேறொரு சிக்கலோடு வந்தார். திங்கள்முதல் கம்பெனி வேலை. மலையில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. டீச்சர் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

சனிக்கிழமை காலை அவரோடு மேலே போனேன். கடைசி வளைவைத் தாண்டிய நிறுத்தத்தில் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். நான் இறங்கி, அவர்கள் முன் நின்று, முன்கூட்டியே அமைத்துவைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். அவர்களும் என்னை ஆவலாகப் பார்த்தார்கள். அவருக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது என்றேன். மாற்றங்கள் எல்லாருக்கும் வருவதுதான் என்றேன். அடுத்த வாரம் எப்படி அமைகிறதென்று பார்க்கலாம் என்று முடித்தேன். அவர்களைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் எதையும் சொல்ல என்னால் முடியவில்லை.

முன்னால் நின்ற ஒரு பெண் என்மேல் இரக்கப்பட்டாள்.

"திங்கக்கெழமலேர்ந்து அண்ணன் வரமாட்டாரு, அதானங்க? எங்களுக்குப் பத்து நாளா தெரியும். நாங்க கேட்டா அவரு சங்கடப்படுவாருன்னு கம்முனு இருந்தோம்."

ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆளாளுக்கு வந்து, நல்ல வேலை, விட்டுவிடாதே என்றார்கள். புது ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார்கள். பன்னிரண்டு பேர் கணக்கைச் சொன்னேன். அவரையும் பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பிக்கையோடு சொன்னார்கள்.

எல்லாரும் ஏறிய பிறகு, ஒரு பெரியவர் இரண்டு கடுக்காய் மூட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை உளுந்தூர்பேட்டைப் பக்கம் போகிறபோது, இவற்றையும் கம்பெனிப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய் மண்டியில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். ஓட்டுநர் இறங்கினார். பெரியவருக்கு நேராக நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"சாரி சார். ஐ கேன்னாட்."

அருமையான உச்சரிப்பு. தயக்கம் இல்லை, முகத்தில் மரியாதை குறையவில்லை. பெரியவர் மிகுந்த திருப்தியோடு தலையசைத்தார். "நல்லா இருப்பா" என்றார். பிறகு ஒரு மூட்டையை ஓட்டுநர் தோளில் ஏற்றிவிட்டு, மற்றதன் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் பக்கம் நீட்டினார்.

மூட்டைகளை வேனின் பின்னால் அடுக்கி முடித்ததும் ஓட்டுநர் நெற்றியைத் துடைத்தார்.

"கரெக்டா சொன்னனாங்க, டீச்சர்?"

"மிகச் சரியாகச் சொன்னீர்கள்" என்றேன்.